ஆணிக்கு ஒரு நியாயம், கோடிக்கு ஒரு நியாயமா?

ஷிப்டு முடிந்து வெளியே வருகிற மில் தொழிலாளியை வாசலில் நிறுத்துகிறார்கள். கையைத் தூக்கச் சொல்கிறார்கள். மடியைத் தடவுகிறார்கள். சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். எட்டு மணி நேரம் நூலோடு மல்லாடிய மனிதன், ஒரு கைப்பிடிக் கழிவுப் பஞ்சைக்கூட எடுத்துப் போகவில்லை என்று தினந்தோறும் நிரூபித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் கதையும் இதேதான். கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய நெல்லைக் கூட்டி ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் முந்தானையில் முடிந்துகொண்டால், அவள் 'சர்க்கார் நெல்லைத் திருடியவள்'.

நல்லது. சர்க்கார் சொத்து மக்கள் சொத்து. அதில் கை வைப்பது குற்றம். இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொள்வது மட்டுமல்ல, எல்லாரையும்விட உரக்கச் சொல்கிறோம். ஏனென்றால் அது நம் சொத்து. திருட்டுக்கு வக்காலத்து வாங்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வாசலில் தொழிலாளியின் மடியைத் தடவுகிற கை, கார்ப்பரேஷனின் மாடி அறையிலிருந்து இறங்கி வருகிறவரின் மடியை என்றைக்காவது தடவியிருக்கிறதா?

யாருடைய பணம்?

சர்க்கார் கார்ப்பரேஷன் என்றால் ஏதோ டில்லியில் இருக்கிற கட்டிடம் என்று எண்ணிவிடாதீர்கள். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஜில்லா ஆபீஸ் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில். அதன் கிடங்கில் கிடக்கும் நெல், சேற்றில் நின்று நட்டவர்கள் விளைவித்த நெல்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஐ.சி. என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்த பிரிமியம், பெண் கல்யாணத்துக்கு என்று சேர்த்த பாலிசி, குடும்பத் தலைவன் கண்ணை மூடினால் பெண்டு பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாதே என்று வயிற்றைக் கட்டிக் கட்டிய பணம். அதுதான் எல்.ஐ.சி.யின் மூலதனம்.

அந்தக் கார்ப்பரேஷன் பிறந்ததே ஒரு திருட்டின் காரணமாகத்தான். 1956க்கு முன் இன்ஷூரன்ஸ் தொழில் தனி முதலாளிகள் கையில் இருந்தது. பெருமுதலாளி ராமகிருஷ்ண டால்மியாவின் கையில் இருந்தது பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதன் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல் சூதாட்டத்துக்குப் போய்விட்டது. ஷேர் மார்க்கெட் சூதாட்டம்! 1955 டிசம்பரில் பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி இதைப் புட்டுப் புட்டு வைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸைத் தன் வசம் எடுத்தது. 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. உதயமாயிற்று.

டால்மியாவுக்கு என்ன கிடைத்தது? நம்பிக்கை மோசடிக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க அன்றே சட்டத்தில் இடம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962இல் தண்டனை உறுதியானது. எத்தனை வருஷம்? இரண்டு வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கோடிக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

சர்க்கார் கைக்கு வந்துவிட்டது, இனி நம் பணம் பத்திரம் என்று மக்கள் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒரு ஷேர் வியாபாரி. கடன் வாங்கி ஷேர் வாங்குவது, அந்த ஷேரை அடகு வைத்து மேலும் கடன் வாங்குவது. இதுதான் அவருடைய தொழில். 1957இல் கடன் கழுத்தை நெரித்தது. டில்லி நிதி இலாகாவின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

1957 ஜூன் மாதத்தில், சில நாள் பேச்சிலேயே காரியம் முடிந்தது. முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் ஷேர்களை எல்.ஐ.சி. வாங்கியது. விலை சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய். ஜெஸப், ரிச்சர்ட்ஸன் அண்ட் குருடாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த இடத்தில் பணம் போடலாம் என்று ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி.யில் ஒரு கமிட்டி இருந்தது. அந்தக் கமிட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலிசிதாரன் பணம், முந்த்ராவின் கடன். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் பெரோஸ் காந்தி மறுபடியும் எழுந்தார். அவர் ஆளும் கட்சி மெம்பர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். ஆனாலும் விடவில்லை. 1958 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தார்கள். அவர் மூடிய அறையில் விசாரிக்கவில்லை. ஜனங்கள் பார்க்க, பகிரங்கமாக விசாரித்தார். பிப்ரவரியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். வியாபார முறைப்படி நடந்த காரியம் அல்ல இது என்றார். செக்ரட்டரி செய்தது எனக்குத் தெரியாது என்று மந்திரி தப்பித்துக்கொள்ள முடியாது, பொறுப்பு மந்திரியுடையது என்றார்.

நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். முந்த்ரா கைதாகி வழக்குகளைச் சந்தித்தார். நாடு முழுவதும் ஒரே பரபரப்பு. சரி, பிறகு?

1962இல் கிருஷ்ணமாச்சாரி மறுபடியும் மந்திரி. 1963இல் அதே நிதி மந்திரி நாற்காலி. அன்று நிதி இலாகாவின் செக்ரட்டரியாக இருந்து இந்தப் பேரத்தைப் பேசிய எச்.எம். படேல் 1977இல் நாட்டுக்கே நிதி மந்திரி!

அவர்கள் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊரார் பணத்தைக் காவல் காக்க வைத்தவன் அதை வழிப்போக்கனுக்குத் தூக்கிக் கொடுத்தால் அதற்குப் பேர் என்ன? கிராமத்துப் பண்டாரவாடைக் காவல்காரன் அப்படிச் செய்திருந்தால் மறுபடியும் அவனிடமே சாவியைக் கொடுப்பார்களா? ஒரு மில் கிளார்க் பண்டகசாலைச் சாமானை இப்படித் தூக்கிக் கொடுத்திருந்தால் இருபது வருஷம் கழித்து அவனை மானேஜர் ஆக்குவார்களா?

ஆணிக்குப் போட்ட சட்டம்

இப்போது தராசின் மறு தட்டைப் பாருங்கள்.

முந்த்ரா விவகாரம் நடந்து எட்டு வருஷம் கழித்து, 1966இல், ரயில்வே சொத்தைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. ரயில்வே சொத்து உங்கள் கையில் இருக்கிறது. அது திருட்டுச் சாமான் என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அவ்வளவு போதும். அது நேர்மையாக வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் ஐந்து வருஷம் வரை ஜெயில். விசேஷ காரணம் எழுதி வைக்காமல் நீதிபதி ஒரு வருஷத்துக்கும் 1,000 ரூபாய் அபராதத்துக்கும் குறைக்கக் கூடாது. இரண்டாவது தடவை என்றால் குறைந்தது இரண்டு வருஷம், 2,000 ரூபாய். சாமானின் மதிப்பு எட்டணாவா எட்டாயிரமா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. தண்டவாளத்து ஆணியும் ரயில்வே சொத்துதான்.

இன்னொன்றும் உண்டு. போலீஸ் அதிகாரியிடம் குற்றவாளி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அடித்து வாங்கியிருப்பார்களோ என்ற பயத்தில் ஏற்பட்ட நல்ல விதி. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி 'போலீஸ் அதிகாரி' அல்ல என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் பாதுகாப்பும் இல்லை. பழைய இரும்பு பொறுக்குகிறவன் தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளலாம்.

புதிய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைவாகத் திருடி, பொருளைத் திருப்பிக் கொடுத்தவனுக்குச் சமூக சேவை போதும் என்று கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம் சர்க்கார் சொத்தைத் திருடினால் ஏழு வருஷம் வரை என்கிறது. ரயில்வேச் சட்டமோ அப்படியே நிற்கிறது.

கோடிக்குப் போட்ட வேலி

இனி மாடி அறைக்குப் போவோம்.

சர்க்கார் ஊழியர் தம் வசமுள்ள பொதுப் பணத்தை மோசடி செய்தால் ஆயுள் தண்டனை, அல்லது பத்து வருஷம் வரை. புத்தகத்தில் இருக்கிறது. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் எத்தனை வேலிகள்!

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் 17-ஏ என்று ஒரு பிரிவைப் புகுத்தினார்கள். அதிகாரி தம் உத்தியோகத்தில் எடுத்த 'முடிவு' பற்றிப் புகார் என்றால், மேலிடத்து அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்கக் கூடாது. வழக்கு அல்ல, தோழர்களே, விசாரணை! அனுமதி கொடுக்க மூன்று மாதம். வேண்டுமானால் இன்னும் ஒரு மாதம். சாக்ளா ஜனவரியில் நியமனமாகிப் பிப்ரவரியில் அறிக்கையே கொடுத்தார். இங்கே அனுமதிக் காகிதம் வருவதற்கே அதைவிட அதிக நாள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் அனுமதி வேண்டாம். அதாவது மேஜைக்குக் கீழே 500 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவை அந்த இடத்திலேயே பிடிக்கலாம். பிடிக்கட்டும்; அவனும் நம்மைச் சுரண்டுகிறவன்தான். ஆனால் முந்த்ரா பேரத்தில் கையும் களவும் எங்கே? அங்கே இருந்தது ஒரு 'முடிவு'. ஒரு கையெழுத்து. ஒன்றேகால் கோடி ரூபாய் நகர்ந்தது ஒரு பேனா முனையில். அந்தப் பேனாவுக்குத்தான் 17-ஏ உறை போட்டார்கள். அந்தப் பிரிவு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதில் ஆச்சரியம் உண்டா?

அடுத்த வேலி, சமரசம். 2023 ஜூன் மாதம் ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வேண்டுமென்றே கடனைக் கட்டாதவன், மோசடிக் கணக்கு என்று முத்திரை குத்தப்பட்டவன், இவர்களோடும் பாங்குகள் சமரசம் பேசிக் கணக்கை முடிக்கலாம் என்றது. நடக்கிற கிரிமினல் வழக்கு நடக்கும் என்று ஒரு வரியும் சேர்த்தது. பாங்கு ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. நகைக் கடனில் வட்டி தவறிய விவசாயக் கூலியின் மனைவி தாலிக்கொடியை ஏலத்தில் இழக்கிற நாட்டில் இந்த தாராளம்!

அந்த ஒரு வரியின் கதியையும் பார்த்தோம். பொதுத்துறை பாங்குகளை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு வெளிநாட்டுக்கு ஓடிய ஸ்டெர்லிங் பயோடெக் முதலாளிகள் 5,100 கோடி ரூபாய் கட்டினால் எல்லாக் கிரிமினல் வழக்குகளையும் ரத்து செய்யலாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது முன்னுதாரணம் ஆகாது என்றும் சொன்னது. ஆனால் அடுத்த ஓடுகாலி முதலாளி இதைப் படிக்காமலா இருப்பான்?

விஜய் மல்லையாவை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டேட் பாங்கு முதலான பாங்குகளிடம் வாங்கிய கடன் வட்டியோடு சுமார் 9,000 கோடி என்ற நிலையில் 2016 மார்ச்சில் விமானம் ஏறினார். கோர்ட் உத்தரவை மீறித் தம் பிள்ளைகளுக்குப் பணத்தை அனுப்பியதற்காக, கோர்ட் அவமதிப்பு வழக்கில், 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. நாலு மாத ஜெயில். அபராதம் 2,000 ரூபாய். வேறு குற்றம், வேறு சட்டம், உண்மைதான். ஆனாலும் அந்த 2,000 ரூபாயை எங்கேயோ பார்த்த ஞாபகம் வரவில்லையா? இரண்டாவது தடவை ரயில்வே இரும்போடு பிடிபட்டவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அபராதம் அது!

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"அதிகாரிகளைப் பயமுறுத்தினால் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். தவறான முடிவு வேறு, திருட்டு வேறு" என்கிறார்கள்.

வேறுதான். நேர்மையாக முடிவெடுத்து நஷ்டம் வந்தால் அவரை ஜெயிலுக்கு அனுப்பு என்று எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. ஆனால் முந்த்ரா விஷயத்தில் கமிட்டியைத் தாண்டிப் போனது ஏன்? சர்க்கார் கொள்கை உத்தரவு என்றால் அதை எழுத்தில் கொடு என்றுதானே எல்.ஐ.சி. சட்டம் சொல்கிறது, எழுத்து எங்கே? நேர்மையான முடிவுக்குக் காகிதம் இருக்கும், கமிட்டி இருக்கும், காரணம் இருக்கும். அவற்றை ஒளித்தவனிடம்தான் கணக்குக் கேட்கிறோம். பயம் என்கிறீர்களே, மில் வாசலில் தினம் தினம் மடியைக் காட்டுகிறவனுக்குப் பயம் இல்லையா? அவன் வேலையை விட்டுவிட்டா போனான்?

"பணம் திரும்பி வந்தால் போதாதா, ஜெயில் எதற்கு?" என்கிறார்கள்.

அந்த நியாயத்தை ஆணி எடுத்தவனுக்கும் கொடுப்பீர்களா? ஆணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வழக்கை ரத்து செய்யுங்கள் என்றால் எந்த அதிகாரி கேட்பார்? பணம் கட்டி ஜெயிலிலிருந்து தப்பலாம் என்றால், பணம் உள்ளவனுக்கு ஜெயிலே இல்லை என்று அர்த்தம். திருடியவன் பிடிபட்டால் திருப்பிக் கொடுக்கிறான், பிடிபடாவிட்டால் லாபம். நஷ்டமே இல்லாத வியாபாரம்!

மூன்றாவது சமாதானம்தான் மிக மோசமானது. "சர்க்கார் கார்ப்பரேஷன் என்றாலே திருட்டுத்தான். விற்றுவிடு. தனியார் கையில் கொடுத்தால் சரியாகும்" என்கிறார்கள்.

டால்மியா எந்த சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார்? முந்த்ரா எந்தப் பொதுத்துறை ஊழியர்? தனி முதலாளி தின்றதால்தான் இன்ஷூரன்ஸ் தேசவுடைமை ஆயிற்று. முந்த்ரா பட்டியலில் இருந்த ஜெஸப் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். முந்த்ரா விட்டுப்போன அந்தத் தொழிற்சாலையை சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்தது. பின்னர் பொதுத்துறைக் கம்பெனியாகவே ஆக்கியது. 2003இல் அதன் 72 சதவீதத்தைத் தனியாருக்கு விற்றார்கள். விலை 18 கோடி ரூபாய் சொச்சம். 2016இல் என்ன ஆயிற்று? ரயில் பெட்டி வேலைக்கென்று ரயில்வே கொடுத்த சாமான்கள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து காணோம் என்று ரயில்வே புகார் கொடுத்து, முதலாளி கைதாகும் அளவுக்குப் போனது. அந்த வழக்கின் நியாயம் கோர்ட்டுக்கு. ஆனால் தனியாரிடம் கொடுத்தால் திருட்டு ஒழியும் என்ற பேச்சு எந்த மூஞ்சியோடு வருகிறது? வேலி பயிரை மேய்ந்தால் வேலியைத் திருத்து. வயலை மாட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுக்காதே!

நாம் கேட்பது என்ன?

பழி வாங்கு என்று கேட்கவில்லை. ஒரே தராசு வேண்டும் என்கிறோம்.

ஒன்று: ஆணி வைத்திருப்பவன் தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டுமானால், கோடியைக் கையாண்டவனும் கணக்குச் சொல்ல வேண்டும். விதிகளைத் தாண்டி, கமிட்டியைத் தாண்டிப் பொதுப் பணத்தைக் கொடுத்தவர், ஏன் கொடுத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழ வேண்டும்.

இரண்டு: பொதுக் கார்ப்பரேஷன் பண மோசடியில் விசாரணைக்கு முன்அனுமதி என்ற வேலியை எடுக்க வேண்டும். திருட்டைப் பிடிக்கத் திருட்டு நடந்த வீட்டுக்காரனிடமே அனுமதி கேட்பது என்ன முறை?

மூன்று: மோசடிக்காரனோடு மறைவில் சமரசம் கூடாது. யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, யார் கையெழுத்துப் போட்டார் என்ற பட்டியலைப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும். பணம் கட்டினாலும் கிரிமினல் வழக்கு தன் வழியில் நடக்க வேண்டும்.

நாலு: சாக்ளா செய்தது போல் விசாரணை பகிரங்கமாக, சீக்கிரமாக நடக்க வேண்டும். வழக்குப் பத்து இருபது வருஷம் இழுத்தால் சாட்சி சாகிறான், காகிதம் செல்லரிக்கிறது, குற்றவாளி கிழவனாகி அனுதாபம் பெறுகிறான்.

ஐந்து: கார்ப்பரேஷனின் கணக்கைப் பார்க்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். கிடங்கில் எத்தனை மூட்டை ஏறியது என்று தூக்கியவனுக்குத் தெரியாதா? லெட்ஜரில் எந்த எண் மாறியது என்று எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரியாதா? வாயைத் திறந்து சொல்லும் ஊழியரைப் பழி வாங்காமல் காப்பாற்று. பாதித் திருட்டு அன்றே நின்றுவிடும்.

தோழர்களே! முந்த்ரா விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது தானாக அல்ல. பார்லிமெண்டில் ஒருவர் கேள்வி கேட்டார், பத்திரிகைகள் எழுதின, விசாரணை மண்டபத்தில் ஜனங்கள் கூடினார்கள். மந்திரியின் நாற்காலி ஆடியது அதனால்தான். கேள்வி நின்றதும் நாற்காலி பழையபடி திரும்பி வந்தது.

ஆகவே கேள்வியை நிறுத்தாதீர்கள். சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். டீக்கடையில் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். மில் வாசலில் உங்கள் மடியைத் தடவும்போது கையைத் தூக்கிக்கொண்டே கேளுங்கள்:

என்னைச் சோதித்துவிட்டாய், சரி. மாடியிலிருந்து இறங்கி வருகிறாரே, அவரை எப்போது சோதிக்கப் போகிறாய்?